கெடாத மோட்டாரும் இருபது நாளும்

"எலெக்ட்ரிக் பைக் வாங்கலாமா சார், மோட்டார் தாங்குமா?"

சமீபத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை! நான் படித்தது பி.காம். எனக்கு டார்க் தெரியாது. பற்று வரவு தெரியும். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

போன மாதம் தெள்ளார் போயிருந்தேன். வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகிற வழியில் இருக்கிற ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை ஜெயித்த இடம். இன்றைக்குத் தறிச் சத்தம். என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே பட்டு நெய்கிறார். ஆரணியில் பாவும் ஜரிகையும் வாங்கி வந்து, நெய்து, சேலையை அறுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால்தான் கூலி. போக வர நூறு கிலோமீட்டர் சொச்சம். பெட்ரோல் கணக்குப் பார்த்துத்தான் மூன்று வருஷம் முன்னால் பேட்டரி வண்டி வாங்கினார்.

போனால், வாசலில் வண்டியைக் காணோம்.

"சர்வீஸுக்குப் போய் இருபது நாள் ஆச்சு மாப்ளே."

திணறித் திணறி ஓடி, ஒருநாள் வழியிலேயே நின்றுவிட்டதாம். குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய் விட்டிருக்கிறார். 'மோட்டார் அசெம்பிளியே மாத்தணும், மேலே இருந்து வரணும்' என்றார்களாம். மேலே என்றால் எங்கே என்று அவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது.

ஆக, மோட்டார் தாங்கவில்லை என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

பெட்ரோல் எஞ்சினுக்குள் பிஸ்டன், வால்வு, கிளட்ச், கியர் என்று ஒன்றோடொன்று உரசுகிற சாமான்கள் ஏகப்பட்டது. எலெக்ட்ரிக் வண்டியின் மோட்டாரில் ஒரு பக்கம் செம்புக் கம்பிச் சுற்று, இன்னொரு பக்கம் காந்தம். இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. பழைய மோட்டார்களில் தேய்ந்துபோகிற கார்பன் பிரஷ் இதில் கிடையாது. தேய்வதற்கு உள்ளே இருப்பது பேரிங்தான். மெஷினாகப் பார்த்தால் மோட்டார் சமர்த்துப் பிள்ளை.

படுத்துவது அதைச் சுற்றி இருக்கிறவை. காந்தம் எந்த இடத்தில் சுற்றுகிறது என்று பார்த்துச் சொல்ல, பல மோட்டார்களில் ஹால் சென்சார் என்று குட்டி குட்டியாக மூன்று இருக்கும். ஒன்று போனாலும் வண்டி திணறும். அதன் விலை சில பத்து ரூபாய். அடுத்தது கன்ட்ரோலர். அதற்கடுத்து ஒயரும் கனெக்டரும். தண்ணீர் இறங்கினால் தகராறு.

மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். டி.வி.எஸ். ஐக்யூப்பில் பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். ஏதரில் நடுவில் மோட்டார், பெல்ட் வழியாகச் சக்கரம் சுற்றுகிறது. சக்கரத்துக்குள் இருந்தால் பெல்ட், செயின் தொல்லை இல்லை. ஆனால் குழியில் இறங்குகிற அடியெல்லாம் மோட்டாருக்கும் சேர்த்து விழும். சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்தால் மோட்டார் ஒயரையும் கழற்ற வேண்டும். பஞ்சர் கடைப் பையன் கை வைக்கவே பயப்படுவான்.

சரி, மச்சான் வீட்டுக்கே திரும்புவோம். அவர் வீட்டில் இன்னும் இரண்டு மோட்டார் உண்டு. ஒன்று, தார் சுற்றுகிற ராட்டையில் மாட்டிய சின்ன மோட்டார். இன்னொன்று, கொல்லைக் கிணற்றில் பம்புசெட். வோல்டேஜ் இறங்கினால் பம்பு மோட்டாரின் காயில் எரிந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது எரிகிறது என்றார். ஆனால் அந்த மோட்டாரை அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. காலையில் கொண்டுபோய்ப் போட்டால், சாயங்காலம் காயில் கட்டிக் கொடுத்துவிடுகிறார் கடைக்காரர்.

இப்போது கணக்கு. பம்பு மோட்டார் வருஷம் ஒரு தடவை கெடுகிறது, ஒரு நாள் நஷ்டம். வண்டி மோட்டார் மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவை கெட்டது, இதுவரை இருபது நாள் நஷ்டம். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஏழு நாள். அடிக்கடி கெடுகிற மோட்டார் ஜெயித்துவிட்டது, கெடாத மோட்டார் தோற்றுவிட்டது! நம்பகம் என்பது எத்தனை நாள் ஓடுகிறது என்பது மட்டும் இல்லை. நின்றால் எத்தனை நாளில் எழுந்திருக்கிறது என்பதும்தான். கம்பெனிகள் முதல் கணக்கைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. இரண்டாவதைப் போடுவதே இல்லை.

இது தெள்ளார் கதை மட்டும் இல்லை. ஓலா எலக்ட்ரிக்குக்கு 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஒரு வருஷத்தில் நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு வந்த புகார்கள் 10,644. அதில் மூவாயிரத்துக்கும் மேல் சர்வீஸ் தாமதம் பற்றியவை. 99.1 சதவிகிதம் தீர்த்துவிட்டோம் என்றது கம்பெனி. தீர்ந்தது சரி, எத்தனை நாளில்?

2022-ல் வண்டிகள் வரிசையாகத் தீப்பிடித்தபோது, பேட்டரி விதிகளை அந்த டிசம்பரிலிருந்தே அரசாங்கம் இறுக்கியது. நல்ல விஷயம். அதே டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு இணையதளமும் திறந்தார்கள். வாகனங்களும் அதில் உண்டு. செல்போன், எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு 'ரிப்பேர் மதிப்பெண்' போடலாம் என்று 2025 மே மாதம் ஒரு கமிட்டி அறிக்கையும் கொடுத்தது. செல்போனுக்கு மார்க் போடலாம், சோறு போடுகிற வண்டிக்குப் போடக்கூடாதா?

காயில் கட்டும் கடைக்காரரிடமும் பேசினேன். "சென்சார்தான் போயிருக்கும்னு தோணுது. மாத்திடலாம் சார். ஆனா ஒயரிங் படம் தர மாட்டேங்கறாங்க, பார்ட்ஸும் தர மாட்டேங்கறாங்க" என்றார். முப்பது வருஷமாக மோட்டாரோடு குடும்பம் நடத்துகிற மனிதர், சில பத்து ரூபாய் சாமானுக்காகக் கை கட்டி நிற்கிறார்.

நம் மேலும் தப்பு இருக்கிறது. ஷோரூமில் 'எத்தனை கிலோமீட்டர் போகும்?' என்று கேட்கிறோம். இனிமேல் வேறு மூன்று கேள்வி கேளுங்கள். சர்வீஸ் சென்டர் என் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும் தனித்தனியாக எத்தனை வருஷ வாரன்டி? பேட்டரிக்கு 8 வருஷம் என்று சில கம்பெனிகள் சொல்வதைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள், மோட்டாருக்கும் அதே என்று அர்த்தமில்லை. மூன்றாவது, நின்றுபோனால் எத்தனை நாளில் தருவாய்? அதை எழுதிக் கேளுங்கள்.

கிளம்பும்போது மச்சான் தோளில் பையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். உள்ளே நெய்து அறுத்த சேலை.

"மோட்டார் நல்ல மோட்டாருதான் மாப்ளே. அதுக்கு வைத்தியம் பார்க்கத்தான் ஊர்ல ஆளை விட மாட்டேங்கறாங்க."