ரொக்கமும் சுருதியும்: சக் பெர்ரி பற்றி

கலைஞன் கூலி கேட்டால் நம் முகம் சுளித்துப்போகிறது. கூலி கேட்காதவனைக் கும்பிட்டுவிட்டு, கேட்டவனைக் 'காசுக்காரன்' என்கிறோம். ராக் அண்ட் ரோல் இசையின் முன்னோடிகளில் ஒருவரான சக் பெர்ரி (1926–2017) பற்றிப் பேச்செடுத்தால் அவரது கிட்டாருக்கு அடுத்தபடி வருவது இந்தக் காசுப் பேச்சுதான்.

விஷயம் இது. பல பத்தாண்டுகள் அவர் ஊர் ஊராகத் தனியாகப் போனார். கையில் கிட்டார் பெட்டி மட்டும். உடன் வாசிக்க ஆட்களை அந்தந்த ஊரில் பிடித்து வைப்பது நிகழ்ச்சி நடத்துபவரின் பொறுப்பு. ஒத்திகை கிடையாது. என்ன பாட்டு, என்ன சுருதி என்று முன்கூட்டிச் சொல்வதும் கிடையாது. பேசிய பணம் ரொக்கமாகக் கைக்கு வந்த பிறகுதான் மேடை. 1970களின் தொடக்கத்தில் அப்படி ஒருநாள் அவருக்குப் பின்னால் வாசித்தவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அப்போது அவரைப் பலருக்குத் தெரியாது. இன்றைக்கு என்ன பாட்டு என்று கேட்டதற்கு, சக் பெர்ரி பாட்டுத்தான் என்று பதில் வந்ததாம். டெய்லர் ஹேக்ஃபோர்ட் 1987இல் எடுத்த ஆவணப்படத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. தமிழ் படித்தவன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இதை ஓர் எதிர்ப்பின் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கான நியாயமும் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1955இல் சிகாகோவின் செஸ் நிறுவனத்தில் அவரது முதல் இசைத்தட்டு 'மேபலின்' வெளிவந்தது. தட்டில் பாடலாசிரியர்களாக மூன்று பெயர்கள். பெர்ரியோடு ஆலன் ஃப்ரீட், ரஸ் ஃப்ராட்டோ. ஃப்ரீட் புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர். ஃப்ராட்டோ செஸ் நிறுவனத்தாரோடு தொடர்புடையவர். பாட்டு வானொலியில் திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டுமானால் ஒலிக்கச் செய்பவனுக்கும் பங்கு போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எழுதியவரைக் கேட்டு நடந்த காரியமல்ல இது. அந்தப் பாட்டின் முழு உரிமை பெர்ரியின் பெயருக்குத் திரும்பியது 1986இல். முப்பத்தோரு ஆண்டுகள்.

சாலையிலும் இதே கதை. 'மேபலின்' கிராமிய வெள்ளையர் இசையின் வாடையடிக்கும் பாட்டு. தட்டைக் கேட்டு, பாடுபவர் வெள்ளையர் என்று நினைத்துக்கொண்டார்கள். டென்னஸி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில், நேரில் கறுப்பராக வந்து நின்றவரை மேடையேற விடவில்லை என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். குரல் வேண்டும், உடல் வேண்டாம். 1963இல் அவர் சிறையில் இருந்தபோது, அவரது 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்' மெட்டு வேறு சொற்களோடு பீச் பாய்ஸ் குழுவின் வெற்றிப் பாட்டாக ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. 'ஜானி பி. குட்' பாட்டின் நாயகனைக் கறுப்புப் பையன் என்றுதான் முதலில் எழுதியதாகவும், வானொலிக்காக நாட்டுப்புறப் பையன் என்று மாற்றியதாகவும் பின்னாளில் சொன்னார். 1977இல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் ஏறிப் போனது அந்த மாற்றப்பட்ட பிரதிதான்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு மனிதன் காகிதத்தை நம்பாமல் கையில் விழும் நோட்டை மட்டும் நம்பினால் அதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? ஒப்பந்தம் என்பது யாருடைய மொழி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அரசும் தன் பங்குக்குக் கணக்குக் கேட்டது. 1979 ஜூனில் ஜிம்மி கார்ட்டர் முன்னிலையில் வெள்ளை மாளிகையில் வாசித்தார். அடுத்த சில வாரங்களில் வரி ஏய்ப்புக்காக நான்கு மாதச் சிறை, ஆயிரம் மணி நேரச் சமூகப் பணி. அந்த மணி நேரங்களை அவர் கழித்தது நன்கொடைக் கச்சேரிகளில். கூலி இல்லாமல் வாசிப்பதே தண்டனையாக விதிக்கப்பட்டது!

இந்த இடத்தில் முடித்திருந்தால் அழகான கட்டுரை. முடிக்க விடாமல் தடுத்தவர் ஒரு பியானோக்காரர்.

1952 டிசம்பர் 31. புத்தாண்டுக் கச்சேரிக்கு ஜானி ஜான்சனின் மூவர் குழுவில் சாக்ஸபோன்காரருக்கு உடல்நிலை சரியில்லை. அந்த இடத்தை நிரப்ப ஜான்சன் கூப்பிட்ட ஆள்தான் பெர்ரி. கொஞ்ச காலத்தில் கூப்பிட்டவரின் குழு, வந்தவரின் குழுவாகிவிட்டது. இருபதாண்டுகள் சேர்ந்து வாசித்தார்கள். 1980களில் ஜான்சன் செயின்ட் லூயிஸில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதே ஆவணப்படத்தில் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு விஷயத்தைக் கவனப்படுத்துகிறார். பெர்ரியின் பாட்டுகள் பல, கிட்டார்காரன் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் சுருதிகளில் இல்லை. அவை பியானோக்காரனின் கைக்கு வாகானவை. அப்படியானால் அந்த மெட்டுகள் உருவான இடத்தில் இன்னொருவரின் விரல்களும் இருந்தன. சொற்கள் பெர்ரியுடையவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் தட்டில் ஜான்சன் பெயர் இல்லை. ஃப்ரீட் பெயர் இருந்த இடத்தில் ஜான்சன் பெயர் இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடல்களில் தனக்கும் பங்குண்டு என்று ஜான்சன் 2000இல் வழக்குப் போட்டார். காலம் கடந்துவிட்டது என்று 2002இல் தள்ளுபடி ஆச்சு. யார் எதைச் செய்தார்கள் என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதிலே சொல்லவில்லை. 2005இல் ஜான்சன் இறந்துபோனார்.

பெர்ரியை 1962இல் சிறைக்கு அனுப்பிய வழக்கையும் இப்படித்தான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் விசாரணையில் நீதிபதி பேசிய இனவெறிப் பேச்சால் அந்தத் தீர்ப்பே ரத்தானது. மறுவிசாரணையில்தான் தண்டனை உறுதியானது. ஆனால் அந்த வழக்கின் மறுமுனையில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். நீதிபதியின் நிறவெறியை எழுதுகிற நாம் அவளை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறோம். நானும் முதல் படியில் அவளை விட்டுவிட்டுத்தான் எழுதியிருந்தேன். மறதியால் அல்ல, கதை கெட்டுப்போகும் என்பதால்.

நண்பர்கள் கேட்கலாம்: அப்படியானால் சக் பெர்ரியை என்ன செய்வது, தூக்கி எறிவதா? இல்லை. அவர் ரொக்கம் கேட்டது நியாயம். அந்த நியாயம் அவரோடு நின்றுபோனது என்பதுதான் என் வருத்தம். தன்னைக் கொள்ளையடித்த அமைப்பிடமிருந்து தன்னை மட்டும் மீட்டுக்கொள்ளும் வழியை அவர் கண்டுபிடித்தார். பக்கத்தில் நின்று வாசித்தவனுக்கு அதில் இடம் இல்லை. ஊருக்கு ஊர் மாறிய அந்தப் பெயரற்ற வாத்தியக்காரர்கள், சுருதி தெரியாமல் மேடையில் திகைத்து நின்றவர்கள், அந்த வழியின் செலவுக் கணக்கு.

ஒடுக்கப்பட்டவன் என்பது ஒருவன் நிற்கிற இடம். அது அவனுக்குத் தரப்படும் நற்சான்றிதழ் அல்ல. நமக்குப் பிடித்தவர்களைப் பற்றி எழுதும்போது இதை மறப்பது சுலபமாக இருக்கிறது. அடுத்தமுறை 'ஜானி பி. குட்' கேட்க நேர்ந்தால் கிட்டாரைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அடியில் ஓடும் பியானோவைக் கேளுங்கள். அந்தத் தட்டில் வாசித்தவர் லஃபாயெட் லீக். ஜான்சன் அன்று அங்கே இல்லை. ஆனால் அந்தப் பாட்டில் வரும் ஜானி, ஜான்சனை நினைத்து வைத்த பெயர் என்று பெர்ரியே சொல்லியிருக்கிறார். பாட்டில் அந்தப் பெயர் ஒரு கிட்டார்காரனுடையது.