ஐடாவின் அடையாள அட்டை

போர்ப் படங்களில் மொழிபெயர்ப்பாளருக்கு வழக்கமாக ரெண்டு காட்சிதான். இரண்டு அதிகாரிகளுக்கு நடுவில் நின்று நாலு வரி பேசிவிட்டு ஃப்ரேமை விட்டுப் போய்விடுவார். யாஸ்மிலா ஷ்பானிச்சின் ‘க்வோ வாடிஸ், ஐடா?’ (2020) அந்த ஆளை விட்டு நகரவே மறுக்கிறது.

1995 ஜூலை, போஸ்னியா. ஸ்ரெப்ரெனிட்ஸாவை ‘பாதுகாப்புப் பகுதி’ என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 1993 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. காவலுக்கு ஒரு சிறிய டச்சுப் படை. ஊர்ப் பள்ளி ஆசிரியையான ஐடா இப்போது அவர்களின் மொழிபெயர்ப்பாளர். செர்பியப் படை ஊருக்குள் நுழைந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் பொடோச்சாரி முகாமுக்கு ஓடி வருகிறார்கள். சில ஆயிரம் பேர் உள்ளே; மற்ற எல்லோரும் கேட்டுக்கு வெளியே. வெளியே நிற்பவர்களில் ஐடாவின் குடும்பத்தினரும் இருக்கிறார்கள்.

விமானத் தாக்குதல் நடக்கும், பயப்படாதீர்கள் என்கிறார் கர்னல். ஐடா அதை ஊர்த் தலைவருக்கு மொழிபெயர்க்கிறாள். பிறகு, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்கிறான் தளபதி ம்லாடிச். அதையும் யாராவது மக்களிடம் சொல்லியாக வேண்டும். யாஸ்னா ஜூரிச்சிச்சின் நடிப்பு முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. வாய் ஒன்றைச் சொல்கிறது, கண் அதை நம்பவில்லை. அவள் மொழிபெயர்ப்பில் ஒரு பிழைகூட இல்லை, மூல வாக்கியம்தான் பொய்.

அவள் கழுத்தில் ஐ.நா. அடையாள அட்டை தொங்குகிறது. அவள் உள்ளே இருக்கலாம், குடும்பத்துக்கு அனுமதி இல்லை. படத்தின் பாதி நேரம் அவள் ஒரு பட்டியலில் மூன்று பெயர்களைச் சேர்க்க ஓடிக்கொண்டிருக்கிறாள். கோட் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இந்தப் பகுதி வேறு மாதிரி உறைத்தது. யார் உள்ளே வரலாம் என்ற விதியைத்தான் நாங்களும் தினமும் எழுதுகிறோம். ஒருவருக்கு விலக்கு தந்தால் எல்லோரும் கேட்பார்கள் என்கிறார் மேஜர் ஃப்ராங்கன். தனியாகப் பார்த்தால் நியாயமான வாதம்தான். ஆனால் அங்கே எல்லோரையும் சமமாக நடத்துவது என்றால் எல்லோரையும் சமமாக வெளியே அனுப்புவது. படத்துக்குத் தூண்டுதலான நிஜ மொழிபெயர்ப்பாளர் ஹசன் நுஹானோவிச் தன் பெற்றோரையும் தம்பியையும் அப்படித்தான் இழந்தார். தந்தை, தம்பி இருவரின் சாவுக்கும் நெதர்லாந்து அரசு பொறுப்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது.

இவ்வளவு சொன்ன பிறகும் படத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இது குற்றத்தை ஒரு சில நாட்களுக்குள், இரண்டு அதிகாரிகளுக்குள் அடைத்துவிடுகிறது. பாதுகாப்புப் பகுதிகளைக் காக்கச் சுமார் 34,000 வீரர்கள் தேவை என்று ஐ.நா. தளபதிகள் கணக்கிட்டிருந்தார்கள். பாதுகாப்புச் சபை ஒப்புக்கொண்டது 7,600. ஊருக்கு வரும் சாலைகள் செர்பியப் படையின் பிடியில் இருந்தன. நிவாரண லாரிகளுக்கு அவர்கள் அனுமதி வேண்டும், டச்சுப் படையின் டீசலுக்கும் அவர்கள் அனுமதி வேண்டும். காவலுக்கு வந்தவன் வண்டி ஓட்ட எண்ணெய் இல்லாமல் நடந்து ரோந்து போனான். நிவாரணம் வேறு, பாதுகாப்பு வேறு என்று அறிக்கைகளில் தனித்தனி அத்தியாயமாக எழுதுகிறோம். ஸ்ரெப்ரெனிட்ஸாவில் இரண்டும் ஒரே சாலையில்தான் வர வேண்டியிருந்தது. அந்தச் சாலையைக் கொன்று முடித்த பிறகுதான் ஊரைக் கொன்றார்கள். ம்லாடிச் கேமரா முன்னால் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த கொடூரமும் அப்போதுதான் முழுசாகப் புரியும்: உணவை மறித்தவன் கையிலிருந்தே உணவு. படத்தில் யாரும் எடுக்காத தொலைபேசி மட்டும்தான் இதற்குச் சாட்சி. சினிமா அறிக்கை இல்லை என்பது சரி. ஆனால் காலியான டீசல் டாங்க் ஒன்றைக் காட்ட ஒரு நிமிடம் போதுமே. அது இல்லாததால், டச்சுக்காரர்கள் கோழைகள் என்று திட்டிவிட்டு நாம் எழுந்து போகலாம். நியூயார்க்கில் கை தூக்கியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

தமிழில் இந்தப் படத்தைப் பார்க்கிறவர் வன்னியை நினைக்காமல் இருக்க முடியாது. 2008 செப்டம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது, போகாதீர்கள் என்று மக்கள் கேட்டில் நின்றார்கள். உள்ளூர் ஊழியர்கள் பலரின் குடும்பங்களைப் புலிகள் வெளியே விடவில்லை. பின்னர் அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் அரசின் ஷெல்கள் விழுந்தன. ஸ்ரெப்ரெனிட்ஸாவில் தவறிவிட்டோம் என்று ஐ.நா. 1999இல் எழுதியது. இலங்கையில் தவறிவிட்டோம் என்று அதன் உள் ஆய்வுக்குழு 2012இல் எழுதியது. இரண்டும் நேர்மையான அறிக்கைகள். முதலாவதைப் படித்தவர்கள் இருந்த அமைப்பில்தான் இரண்டாவது நடந்தது.

ஸ்ரெப்ரெனிட்ஸாவில் கொல்லப்பட்டவர்கள் 8,000க்கும் மேல். கடைசிக் காட்சியில் ஐடா மறுபடியும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். குழந்தைகள் மேடையில் கைகளால் கண்ணை மூடித் திறந்து ஆடுகிறார்கள். பார்வையாளர் வரிசையில் பெற்றோர்களோடு பெற்றோராகக் கொலையாளியும் உட்கார்ந்திருக்கிறான். அவள் மன்னித்துவிட்டாள் என்று சிலர் வாசிக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோருக்காகவும் பேசிப் பேசிக் களைத்தவள் இங்கே ஒரு வார்த்தைகூட மொழிபெயர்ப்பதில்லை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறாள், அவ்வளவுதான்.