செமாய் மொழியின் குறிப்புச் சொற்கள்: ‘ஒலிக்குறிப்பு’ என்னும் பெயரின் போதாமை

ஓசையாலேயே பொருளை உணர்த்தும் சொற்களைத் தொடக்கநிலை மொழியின் அடையாளமாகக் கருதும் போக்கு நெடுங்காலம் நிலவியது. லெவி புரூல் 1910இல் வெளியிட்ட நூலில், மேற்கு ஆப்பிரிக்க எவே மொழியில் நடையின் வகைகளைக் குறிக்கும் சொற்களைப் ‘புராதன’ மனத்தின் சான்றாகக் காட்டினார். இக்கருத்து பொருந்தாது என்பதைப் பேராக், பகாங் மாநிலங்களில் பேசப்படும் செமாய் மொழி தெளிவுறுத்துகிறது.

செமாய் குறிப்புச் சொற்களை 1976இல் ஆராய்ந்த ஜெரார் டிஃப்லோத், அவை பெயரிலும் வினையிலும் அடங்காத தனிச் சொல்வகை என நிறுவினார். தலையாட்டும் தோற்றத்தைக் குறிக்கும் சொல்லைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழ ‘ட்ஙொஹ்’ எனலாம். அத்தோற்றம் இடைவிடாது தொடர்வதை உணர்த்த, அடிச்சொல்லின் முதல் மெய்யும் இறுதி மெய்யும் மட்டும் முன்னே சேர்ந்து ‘ட்ஹ்ட்ஙொஹ்’ என்றாகும். தலையாட்டலில் ஓசையே இல்லை. எனவே, இது போலச்செய்தல் அன்று, இலக்கணம்.

ஒலிக்குறியீடு எங்கும் ஒரே இயற்கை விதிப்படி அமையும் என்பதும் ஐயத்திற்குரியது. சபீர் 1929இல் நடத்திய சோதனையில் பெரும்பாலோர் இகரத்தைச் சிறுமையோடும் அகரத்தைப் பெருமையோடும் தொடர்புபடுத்தினர். செமாயின் இனமொழியாகிய வியட்நாமின் பானார் மொழியிலோ, குறிப்புச் சொற்களில் இகரம் பெருமையையும் அகரம் சிறுமையையும் உணர்த்துவதை டிஃப்லோத் 1994இல் எடுத்துக்காட்டினார்.

இச்சொற்களை ‘ஒலிக்குறிப்பு’ என ஒரே பெயரால் சுட்டுவது அவற்றின் பரப்பைக் குறுக்கிவிடும். தொல்காப்பிய உரையாசிரியர்கள் இரட்டைக்கிளவியை இசை, குறிப்பு, பண்பு என மூவகைப்படுத்தினர். ‘சலசல’ என்பதும் ‘பளபள’ என்பதும் ஒரு தன்மையன அல்ல என்பதை இப்பகுப்பு நன்கு உணர்த்துகிறது. ஆயினும், அதனைச் செமாய்க்கு அப்படியே ஏற்றுதல் கூடாது. தமிழில் ‘பளபளத்தது’ என வினையாகவும் வரும். செமாய் குறிப்புச் சொல்லோ வினைவடிவம் ஏற்பதில்லை. தமிழில் அடி முழுவதும் இரட்டிக்கும். செமாயில் அதன் இரு விளிம்புகளே இரட்டிக்கின்றன.

நம் வகுப்பறைகளில் இரட்டைக்கிளவி பெரும்பாலும் மனப்பாடப் பட்டியலாகவே நின்றுவிடுகிறது. அதனைச் செமாயோடு ஒப்பிட்டுக் கற்பிப்பின், மாணவர் தம் மொழியின் அமைப்பை உணர்வர். அண்டை வாழும் பழங்குடியினரின் மொழியை எளியதென எண்ணும் பிழையினின்றும் விடுபடுவர். அவ்விரண்டாவது பயனையே நாம் பெரிதெனக் கருதுகிறோம்.