நீலக் கட்டை சொல்லும் பொய்

நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2014இல் கொண்டுவந்த கொம்ப்ளீட் கன்ட்ரோல் கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கும் மேலே ஒரு சின்ன விளக்கு இருந்தது. கணினியில் செல்லோவைத் திறந்தால், செல்லோ வாசிக்கக்கூடிய கட்டைகளுக்கு மட்டும் வெளிச்சம் வரும். அதே நிறுவனத்தின் கான்டாக்ட் மென்பொருள் திரையில் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது: நீலக் கட்டை வாசிக்க, சிவப்புக் கட்டை வாசிப்பு முறையை மாற்ற. இன்று சாம்பிள் லைப்ரரி, அதாவது வாத்திய ஒலிப்பதிவுத் தொகுப்பு, விற்பவர்கள், வாத்தியத்தின் உண்மையான எல்லைக்கே கட்டைகளைப் பொருத்தியிருப்பதைத் தரச் சான்று போலச் சொல்கிறார்கள். கூடவே ஒரு வாதமும் புழங்குகிறது. ஆர்கெஸ்ட்ரேஷன், அதாவது வாத்தியக் குழுவுக்கு எழுதும் கலை, படிக்காதவரும் நீலத்தைத் தாண்டாமல் இருந்தால் தப்பு நேராதாம்.

அந்த வாதம்தான் தப்பு.

எல்லை வகுத்ததில் நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. 1981இல் வந்த எமுலேட்டர் என்ற சாம்பிளரில் நினைவகம் சொற்பம். ஒரே பதிவைப் பல கட்டைகளுக்கு இழுத்து நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு ஸ்தாயி மேலே போனால் பதிவு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். வயலினின் நடுக்கமும் இரண்டு மடங்கு வேகத்தில் துடிக்கும். மனிதக் குரல் கீச்சுக் குரலாகிவிடும். 1991இல் வந்த ஜெனரல் மிடி தரநிலை 128 ஒலிகளுக்கு வரிசை எண் கொடுத்தது. சிதாருக்கு 105, ஷெனாய்க்கு 112. எந்த வாத்தியம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. மிடியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு; அந்த எண் 55க்குக் கீழே தந்தியே இல்லாத வயலின், டபுள் பாஸின் ஆழத்தில் கிடந்து முனகியது. அந்தக் கூத்து ஒழிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி.

கைக்கு எட்டுவதில் உள்ள தொல்லைகளையும் பெரிதுபடுத்த வேண்டாம். 49 கட்டைக் கீபோர்டு பொதுவாக 36இல் தொடங்கி 84இல் முடிகிறது. வயலினின் உச்சி அதற்கு மேலே, 24 வாக்கில் வைக்கப்படும் சிவப்புக் கட்டைகள் அதற்குக் கீழே. ஸ்தாயி பொத்தானை அமுக்கி அமுக்கிச் சமாளிக்கலாம். 60ஆம் எண்ணை யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது. கையேட்டைப் படிப்பவர் ஒருமுறை ஏமாந்துவிட்டு அப்புறம் பழகிக்கொள்வார்.

பழகிப்போகக் கூடாத விஷயம் வேறு. நீலப் பட்டை இரண்டு முனைகளைக் காட்டுகிறது. நடுவில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் பூசிவிடுகிறது. முதலில் அந்த முனைகளே ஒரே வகையானவை அல்ல. கீழ்முனையைத் தந்தியும் குழலின் நீளமும் தீர்மானிக்கின்றன. மேல்முனையை வாசிப்பவர் தீர்மானிக்கிறார். டிரம்பெட்டுக்கு லைப்ரரிகள் முடிவு கட்டும் இடத்துக்கு வெகு மேலே ஏறி வாசித்துத்தான் மேனார்ட் ஃபெர்குசன் பெயர் வாங்கினார்.

நடுப்பகுதிக்கு வருவோம். ஃப்ளூட்டின் அடிச் சுரம் பெரும்பாலும் நடு சி, அதாவது 60. அங்கே காற்று அதிகம், சத்தம் குறைவு. பலமாக ஊதினால் சுரம் பெரிதாவதற்குப் பதில் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். ஓபோவுக்கு நேர்மாறு: அடிச் சுரத்தை மெதுவாகத் தொடங்குவதுதான் கடினம். மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்து, ஒலி அளவைச் சமன்படுத்தி, கீபோர்டின் மாட் வீல் என்ற சக்கரத்தில் ஏற்றத்தாழ்வையும் கொடுத்துவிட்டால் இந்த வேறுபாடுகள் மறைந்துபோகின்றன. அடி ஃப்ளூட் டிராம்போன் கூட்டத்துக்கு மேலே கணீரென்று கேட்கும். கட்டை என்னவோ நீலம்தான்.

இன்னும் தெளிவான உதாரணம் ஸ்ட்ராவின்ஸ்கி. 1913 மே 29 அன்று பாரிஸில் அரங்கேறிய ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ ஒற்றைப் பசூனோடு தொடங்குகிறது. அதன் முதல் சுரம் 72. பசூனின் அடிச் சுரமான 34இலிருந்து மூன்று ஸ்தாயிக்கும் மேலே. வாசிப்பவரின் உதடு இறுகுகிறது, நாதம் மெலிகிறது, எங்கே உடைந்துவிடுமோ என்ற பதற்றம் கேட்பவருக்கும் தொற்றுகிறது. அந்தத் திணறலைத்தான் ஸ்ட்ராவின்ஸ்கி எழுதினார். கீபோர்டிலோ 72 என்பது வலது கை தானாகப் போய் உட்காரும் இடம். கீபோர்டிலேயே அதைவிடச் சௌகரியமான கட்டை கிடையாது. சாம்பிளில் ஓரளவு மெலிவு பதிவாகியிருக்கலாம். அது அபாயமான உயரம் என்ற செய்தி விரலுக்கு வந்து சேர்வதில்லை.

ஸ்ட்ராவின்ஸ்கியின் ஆசிரியர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் எழுதிய ஆர்கெஸ்ட்ரேஷன் நூல், அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து அதே 1913இல் வெளிவந்தது. அதன் அட்டவணைகள் மரக்குழல் வாத்தியங்களின் எல்லையைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறின் குணத்தையும் சொல்லி, உணர்ச்சியோடு வாசிக்க இசைவான பகுதியைத் தனியாகக் குறிக்கின்றன. நூறாண்டுக்கு முந்தைய அச்சுத்தாள் இவ்வளவும் சொல்கிறது. விளக்கு வைத்த கீபோர்டு ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டே பதில் வைத்திருக்கிறது.

நாதஸ்வரத்தில் இந்தப் பட்டை முற்றாகத் தோற்கிறது. திமிரி வகைக்கு ஒரு சுருதி, பாரி வகைக்கு அதைவிடத் தாழ்ந்த சுருதி. எந்தக் குழலைச் சாம்பிள் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எல்லையே இடம் மாறும். ஒரே துளையில் மூச்சின் அழுத்தமும் சீவாளியை உதடு பிடிக்கும் விதமும் சுரத்தை நகர்த்துகின்றன. இரண்டு கட்டைகளுக்கு நடுவே நடக்கும் அந்தச் சங்கதிக்கு எந்த நிறம் கொடுப்பார்கள்?

வியன்னா சிம்பொனிக் லைப்ரரி போன்றவர்கள் வாத்தியங்களுக்கிடையிலான இயல்பான ஒலி அளவைக் காக்க முயன்றிருக்கிறார்கள் என்று பதில் வரும். நல்ல முயற்சி. காதுக்கு அது உதவும். கட்டையைப் பார்த்து எழுதுகிறவர் கண்ணுக்கு உதவாது. பல நிறம் காட்டத் தெரிந்த விளக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, பசூனின் கடைசி ஐந்தாறு கட்டைகளை ஆரஞ்சாக்க ஏன் தோன்றவில்லை? அதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. எல்லாக் கட்டையும் ஒன்றுபோல இனிப்பாகக் கேட்டால்தான் டெமோ நன்றாக இருக்கும், சரக்கும் விற்கும். அப்படி எழுதிய தாள் ஒருநாள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகிறது. ஃப்ளூட்காரர் முழு மூச்சையும் கொடுத்து ஊதுகிறார், டிராம்போன்களுக்கு அடியில் ஒன்றும் கேட்கவில்லை. மைக் சரியில்லை என்று ஒலிப்பதிவாளரைத் திட்டுகிறார்கள்.