குளிரில்தான் பலூன் அழகு

வெப்பக்காற்றுப் பலூன் என்றதும் எல்லோரும் அதன் வண்ணத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு வண்ணம் இரண்டாம்பட்சம். நான் பார்ப்பது ஓட்டுகிறவரின் கையை. சுக்கான் இல்லை, எஞ்சின் இல்லை, பிரேக் இல்லை. அவர் வசம் முக்கியமாக இருப்பவை இரண்டே: தலைக்கு மேலே பர்னரைத் திறக்க ஒரு கைப்பிடி, பலூனின் உச்சியைத் திறந்து சூட்டுக் காற்றை வெளியே விட ஒரு கயிறு. ஏறலாம், இறங்கலாம், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒருவர் தான் நினைத்த வயலில் போய் இறங்குகிறார் என்றால் அது வித்தை.

அந்த வித்தையைப் பார்க்க ஏற்ற பருவம் கடுங்குளிர். ஏற்ற ஊர், சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஷாட்டோ-டே. 1979இல் தொடங்கி, ஜனவரிக் கடைசியில் அங்கே பலூன் திருவிழா நடந்துவருகிறது. பலூன் ஓட்டிகளான பெர்ட்ரண்ட் பிக்கார், பிரையன் ஜோன்ஸ் இருவரும் 1999 மார்ச் 1 அன்று இங்கிருந்து கிளம்பித்தான், எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றி, மார்ச் 21 அன்று எகிப்துப் பாலைவனத்தில் தரையிறங்கினார்கள். (அவர்களுடையது ஹீலியமும் வெப்பக்காற்றும் சேர்ந்த வேறு ரகம்.) இன்னொரு சுவாரசியம்: ‘எண்பது நாட்களில் உலகைச் சுற்றி’ படத்தில் பலூன் ஏறிய நடிகர் டேவிட் நிவன் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் 1983இல் இறந்ததும் இதே ஊரில். படத்துக்கு மூலமான ஜூல்ஸ் வெர்னின் நாவலில் அந்தப் பலூன் பயணமே கிடையாது. சினிமாக்காரர்கள் சேர்த்தது.

குளிருக்கும் பலூனுக்கும் அப்படி என்ன உறவு? உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட எவ்வளவு லேசோ, அவ்வளவுதான் பலூனின் தூக்கும் சக்தி. வெளியே 30 டிகிரி இருக்கும்போது உள்ளே 100 டிகிரிக்குச் சூடாக்கினால், கடல்மட்டத்தில், ஒரு கனமீட்டர் காற்று சுமார் 220 கிராம் தூக்கும். வெளியே 0 டிகிரி என்றால் அதே சூட்டில் சுமார் 345 கிராம். வெயிலில் மூச்சுமுட்டி மேலே போகும் பலூன் பனியில் சுகமாக எழும்புவது இதனால்தான். பனி மூடிய நிலம் அவ்வளவாகச் சூடாகாததால் வெப்பச் சுழல்கள் கிளம்புவதும் குறைவு. கோடையில் விடிந்து ஓரிரு மணி நேரத்தில் மூட்டை கட்டவேண்டிய ஆட்டத்தை, இங்கே நடுப்பகலிலும் ஆடலாம்.

இதற்குக் குளிர் ஒரு விலையும் கேட்கும். பர்னரில் எரியும் புரொப்பேன் வாயுவின் அழுத்தம் 0 டிகிரியில், 20 டிகிரியில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். தீ சோம்பிவிடும். ஆகவே சிலிண்டர்களுக்குச் சூடேற்றும் உறை போர்த்துகிறார்கள், அல்லது நைட்ரஜன் செலுத்தி அழுத்தத்தை ஏற்றுகிறார்கள்.

பலூன் தனி ஆள் விளையாட்டு அல்ல, நண்பர்கள் வேண்டும். பிரம்புக் கூடையைப் பனியில் சாய்த்துவைத்து, நைலான் துணியை நீளவாக்கில் விரித்ததும் வேலை தொடங்குகிறது. இரண்டு பேர் பலூனின் வாயை ஆளுக்கொரு பக்கம் விரித்துப் பிடிப்பார்கள். விசிறி குளிர்காற்றைத் திணிக்கும். துணி முதலில் பெருமூச்சு விட்டதுபோல் லேசாக உப்பும், மடிப்புகள் ஒவ்வொன்றாக நிமிரும், சற்று நேரத்தில் உள்ளே ஒரு மண்டபமே உருவாகிவிடும். அப்போது பர்னர் உறுமும். வாயைப் பிடித்திருப்பவர்களுக்கு முகத்தில் அனல், முதுகில் பனி. தூரத்தில், பலூனின் உச்சியில் கட்டிய வேறொரு கயிற்றோடு ஒருவர் முழு உடம்பையும் பின்னால் சாய்த்து நிற்பார். பலூன் ஆடாமல், அவசரப்பட்டு எழாமல் அடக்குவது அவர் பொறுப்பு. அது எழ எழ, கயிற்றை விடாமல் நடந்தே கூடைக்கு வந்து சேர்வார். புகைப்படத்தில் வராதவர், ஆனால் என் மனதுக்குப் பிடித்தவர் அவர்தான். ஏறமுடியாத நண்பர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு தரைவழியே துரத்துவார்கள்.

இனி ஓட்டுகிறவரின் அந்தக் கைக்கு வருவோம். நாலைந்து பேர் ஏறும் பலூனுக்குள் இரண்டு டன்னுக்கு மேல் காற்று இருக்கிறது. தீயைத் திறந்த உடனே அது அசையாது. சில விநாடி கழித்துத்தான் பதில் சொல்லும். கற்றுக்குட்டி, பலூன் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் தீயைத் திறப்பார், பிறகு அது தேவைக்கு மேல் ஏறுவதைப் பார்த்து விழிப்பார். தேர்ந்தவர் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி. அண்டா பொங்கி வரும் முன்பே விறகை வெளியே இழுத்துவிடுவார். சிறு சிறு தீ, இடையில் நீண்ட மௌனம். அந்த மௌனத்தில் கீழே குரைக்கும் நாயின் குரல் துல்லியமாகக் கேட்கும். காற்றோடு காற்றாகப் போவதால் முகத்தில் காற்றே படாது. மாட்டு மந்தை வந்தால், மாடுகள் மிரளாதிருக்கச் சத்தம் குறைந்த தனி பர்னரைத் திறப்பார்கள்.

ஓட்டுகிறவர் திசையை உயரத்தில் தேடுகிறார். இரவெல்லாம் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் இறங்கி, விடியலில் ஆற்றோடு ஊர்ந்துகொண்டிருக்கும். மேலே போனால் காற்று வேறு பக்கம் வீசும். எந்த அடுக்கு எங்கே போகிறது என்பதைக் கிளம்பும் முன் சின்ன ஹீலியம் பலூனைப் பறக்கவிட்டும், புகைபோக்கிகளின் புகையைப் பார்த்தும் கணிப்பார்கள். கூடையிலிருந்து எச்சில் துப்பிப் பார்ப்பவர்களும் உண்டு!

தீயின் மேல் இந்தப் பிடி தொடக்கத்திலேயே இருந்ததில்லை. 1783 நவம்பர் 21 அன்று பாரிஸில் முதன்முதலாகக் கட்டின்றிப் பறந்த பிலாத்ர் த ரோசியேவும் மார்க்கி தார்லாந்தும் வைக்கோலை எரித்துக்கொண்டு, துணியைப் பொத்தலாக்கிய தீயை ஈரக் கடற்பஞ்சால் அணைத்துக்கொண்டு போனார்கள். 1960இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எட் யோஸ்ட் புரொப்பேன் பர்னரோடு பறந்த பிறகுதான் தீ சொன்ன பேச்சைக் கேட்டது. உயரத்தைப் பொறுத்தவரை, 2005 நவம்பரில் மும்பையிலிருந்து கிளம்பிய விஜய்பத் சிங்கானியா 21,027 மீட்டர் தொட்டார். பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் என் ஓட்டு, பனி சுமந்த ஊசியிலை மரங்களின் நுனியை உரசுவதுபோல் போய், முழங்காலை மடக்கி நிற்பவர்களைக் குலுக்காமல், கூடை கவிழாமல் நிமிர்ந்தபடி இறக்குபவருக்கு. பிரம்பு நெளிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்பதால்தான் இன்றைக்கும் கூடையைப் பிரம்பில் பின்னுகிறார்கள்.

ஆல்ப்ஸ் வரை போக எல்லோருக்கும் வாய்க்காது. பொள்ளாச்சியில் 2015இல் தொடங்கிய பலூன் விழா பொங்கலை ஒட்டித்தான் நடக்கிறது. பனி கிடையாது என்றாலும் மார்கழி, தை விடியலின் குளிர் உண்டு. போகிறவர்கள் இருட்டோடு போய், துணியை விரிக்கும் இடத்தில் நில்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் அங்கே காலைப் பறத்தல் முடிந்துவிடும்.