கைக்கடிகாரமும் காட்டப்படாத முகமும்

சென்ற தவக்காலத்தின் வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்தபின், நம் பங்கு மண்டபத்தில் ‘பென்ஹர்’ திரைப்படத்தைத் திரையிட்டோம். 1959இல் வெளிவந்த படம். மூன்றரை மணி நேரம் ஓடுவது. இவ்வளவு நீண்ட படத்தை நம் இளைஞர்கள் பொறுமையுடன் பார்ப்பார்களா என்ற ஐயம் நமக்கு இருந்தது. முன்வரிசையில் ஏழெட்டுப் பேர் கையில் தாளும் பேனாவுமாக அமர்ந்து, கண்கொட்டாமல் பார்த்ததைக் கண்டு மகிழ்ந்தோம். தேரோட்டக் காட்சி வந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது படத்தை அன்று. படத்தில் உள்ள பிழைகளை.

“ஒன்பது தேரு கெளம்பிச்சு, ஆறு கவுந்திருச்சு, இன்னும் நாலு ஓடுது ஃபாதர்!” என்று ஒருவன் உரக்கக் கணக்குச் சொன்னான். மண்டபம் முழுவதும் சிரித்தது. அவன் கணக்குச் சரிதானா என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. நாமும் சேர்ந்து சிரித்தோம்.

படம் முடிந்து எல்லாரும் கலைந்தபின், பின்பக்கம் பாயில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்தார். “சாமி, அந்தக் கைதிப் பிள்ளைக்குத் தண்ணி குடுத்தாரே நம்ம ஆண்டவரு, அவரு முகத்தக் கடைசிவரைக்கும் காட்டவே இல்லியே, ஏன்?” என்று கேட்டார். நம்மிடம் உடனே சொல்ல விடை இல்லை. தேர்களை எண்ணிய தாள்களில் இந்தக் கேள்விக்கு இடமும் இல்லை.

ஒரே மண்டபத்தில், ஒரே இரவில் நிகழ்ந்த இவ்விருவகைப் பார்வையைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

முதலில் இளைஞர்களுக்காகப் பரிந்து பேசுவோம். பிழை காண்பது குற்றம் அன்று. அது கவனத்தின் அடையாளம். படத்தை நிறுத்தவும் பின்னோக்கி ஓட்டவும் உருப்பெருக்கிப் பார்க்கவும் இன்று யாவர்க்கும் இயல்கிறது. 1959இல் திரையரங்கில் அமர்ந்தவர்க்கு அவ்வசதி இல்லை. இப்படிப் பார்க்கத் தொடங்கும் ஒருவர், திரைப்படம் வானிலிருந்து விழுந்ததன்று, மனிதர் கைகளால் ஒட்டிச் சேர்த்தது என்பதை விரைவில் அறிந்துகொள்கிறார். கதையின் வரிசைப்படி படம் எடுக்கப்படுவதில்லை. கதவுக்கு வெளியே நிற்கும் காட்சி ஒரு மாதத்திலும், அதே கதவுக்கு உள்ளே நுழையும் காட்சி வேறொரு மாதத்திலும் எடுக்கப்படலாம். இடையில் நடிகரின் முடி வளர்ந்திருக்கும். மேசைமீதிருந்த குவளை இடம் மாறியிருக்கும். இவற்றைக் குறித்து வைத்து, ‘கன்டின்யூட்டி’ எனப்படும் காட்சித் தொடர்ச்சியைக் காப்பதற்கென்றே படப்பிடிப்பில் ஒருவர் இருக்கிறார். அவர் கண்ணுக்கும் சில தப்பிவிடும்.

தப்பியவை மட்டும் அல்ல, தெரிந்தே விடப்பட்டவையும் உண்டு. ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ படத்திற்காக ஆஸ்கர் விருது பெற்ற படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், ஒரு காட்சியை எங்கே வெட்டுவது என்று முடிவுசெய்ய ஆறு அளவுகோல்களை வகுத்து, அவற்றுக்கு நூற்றுக்கு இவ்வளவு என மதிப்பெண்ணும் இட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்திற்கு 10, பார்வையாளரின் கண் செல்லும் திசைக்கு 7, திரையின் தள ஒழுங்கிற்கு 5. நிற்பவர் நின்ற இடத்தில் நிற்கிறாரா, பொருள் இருந்த இடத்தில் இருக்கிறதா என்னும் தொடர்ச்சிக்கு அவர் தருவது வெறும் 4. நடிகரின் கண்ணில் உண்மை தெரிந்த ஒரு நொடிக்காக, குவளை இடம்மாறிய பிழையை அவர் பொறுத்துக்கொள்வார். நம் இளைஞர்களின் தாள்கள் பெரும்பாலும் இந்த 4 மதிப்பெண்ணைத்தான் திருத்திக்கொண்டிருந்தன. எஞ்சிய 96 மதிப்பெண்ணின் விடைத்தாள் திறக்கப்படவே இல்லை.

இனி நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்குமுன் இளையோர் தியானம் ஒன்றில் இதே படத்தைப் பற்றிப் பேசினோம். தேரோட்டக் காட்சியை எடுக்கும்போது ஒருவர் உண்மையாகவே இறந்துபோனார் என்றும், அந்தச் சாவே படத்தில் காட்டப்படுகிறது என்றும் உருக்கமாகச் சொன்னோம். யாரோ சொல்லக் கேட்டது, மறையுரைக்குப் பொருத்தமாக இருந்தது, சொல்லிவிட்டோம். கேட்டவர்களில் சிலர் கண்கலங்கினர். செய்தியோ பொய். அத்தேரோட்டத்தில் எவரும் இறக்கவில்லை.

நடந்தது வேறு. கதாநாயகன் சார்ல்டன் ஹெஸ்டனுக்கு ‘டூப்’ போட்டவர் ஜோ கனட் என்ற இளைஞர்; அக்காட்சிக்குப் பொறுப்பேற்றிருந்த யாக்கிமா கனட்டின் மகன். உடைந்து கிடந்த தேரின்மேல் அவருடைய தேர் தாவியபோது, எதிர்பாராமல் அவர் முன்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டார். எப்படியோ பற்றிக்கொண்டு தப்பினார். மோவாயில் மட்டும் காயம். திட்டத்தில் இல்லாத அந்த விபத்தை இயக்குநர் வில்லியம் வைலர் வெட்டி எறியவில்லை. ஹெஸ்டன் தேருக்குள் மீண்டும் ஏறுவதுபோன்ற அண்மைக்காட்சி ஒன்றை எடுத்து அதனுடன் இணைத்தார். இன்றும் அக்காட்சியில் பார்வையாளர் மூச்சடக்கி நிற்கின்றனர். ஒரு பிழை, படத்தின் உயிர்நிலையாயிற்று.

இதே படத்தில் ஒருவர் கையில் கைக்கடிகாரம் தெரிகிறது என்ற கதையும் நெடுங்காலமாக உலவுகிறது. ஹெஸ்டனே இதை மறுத்தார். ஆயினும் கைக்கடிகாரத்தைத் தம் கண்ணாலேயே கண்டதாகச் சொல்வோர் குறையவில்லை. பிழை பிடிப்பவர் செய்யும் பிழையை யார் பிடிப்பது? ஒருவர் உழைப்பில் குறை உண்டென்று சொல்லுமுன் அது உண்மைதானா என்று பார்ப்பது, பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளையின் எளிய பகுதி. நாம் அதில் தவறினோம் என்பதை இங்கே எழுத்தில் ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்து, பிழைபோலத் தோன்றிப் பிழை அல்லாதவை உண்டு. இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964இல் மத்தேயு நற்செய்தியைப் படமாக்கினார். அவர் கடவுள் நம்பிக்கை அற்றவர், மார்க்சியர், அதற்கு முந்திய ஆண்டுதான், தம் குறும்படம் ஒன்றில் சமயத்தை இழிவுபடுத்தினார் என்று நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவர். பாலஸ்தீனத்தில் அன்றி, தென் இத்தாலியின் மட்டேரா போன்ற ஏழை ஊர்களில் படம்பிடித்தார். இயேசுவாக நடித்தவர் ஒரு ஸ்பானிய மாணவர். முதிய வயது மரியாவாக நடித்தவர் இயக்குநரின் சொந்தத் தாயார். பரிசேயரின் தலைப்பாகைகளோ 15ஆம் நூற்றாண்டு ஓவியர் பியெரோ தெல்லா பிரான்செஸ்காவின் ஓவியங்களைத் தழுவியவை. விசாரணைக் காட்சியில் ஒளிப்படக்கருவி கூட்டத்தின் பின்னால் நின்று, முன்நிற்போர் தலைகளுக்கு இடையே எட்டிப் பார்க்கிறது. பட்டியல் போடுவோர்க்கு இப்படம் ஒரு விருந்து. ஆனால் திருத்தந்தை 23ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட இப்படத்தை, திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் காண்கிறோம். ‘பென்ஹர்’ படமும் அதே பட்டியலில் உண்டு.

தமிழ்க் கிறிஸ்தவர்க்கு இது புதிதன்று. வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயா நாட்டைத் தமிழ்நாட்டு வயலும் வளமும் கொண்டு பாடினார். வேளாங்கண்ணி அன்னைக்குச் சேலை சாத்தி வணங்குகிறோம். நாசரேத்துப் பெண் சேலை உடுத்தியிருக்க முடியாது என்று எவரும் எழுந்து சொல்வதில்லை. அன்னை நம்மவள் என்பதைச் சொல்ல நமக்குக் கிடைத்த மொழி அது.

அப்படியானால் எந்தப் பிழையையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா? கூடாது. பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறாத, ஆனால் கனமான பிழைகள் உண்டு. 1977இல் தொலைக்காட்சித் தொடராக வந்த ‘ஜீசஸ் ஆஃப் நாசரேத்’ மகதலா மரியாவை விலைமகளாகக் காட்டியது. 2004இல் வந்த ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ அவரை, கல்லெறியப்பட இருந்த விபசாரப் பெண்ணாகக் காட்டியது. நற்செய்தி நூல்கள் எதுவும் அவ்வாறு சொல்லவில்லை. ஏழு பேய்கள் நீங்கப் பெற்றவர், சிலுவையடியில் நின்றவர், உயிர்த்த ஆண்டவரைக் கண்டு திருத்தூதர்க்கு அறிவித்தவர் என்பனவே அவரைப் பற்றி நாம் அறிவன. வெவ்வேறு பெண்களை ஒருவராகக் கலந்தது ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் புனித பெரிய கிரகோரி ஆற்றிய மறையுரை. அதாவது, இப்பிழை திரைப்படத்தார் செய்ததன்று; நம் போன்றோர் பீடத்தில் நின்று செய்தது. படங்கள் அதற்கு முகமும் நிறமும் கொடுத்தன. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு நிகராக விழாவாக உயர்த்தினார். கைக்கடிகாரக் கதையால் கெட்டது யாருடைய பெயரும் அன்று. இங்கோ ஒரு பெண்ணின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கெட்டிருந்தது. பிழை தேடும் கூரிய கண் நம் இளைஞர்க்கு இருக்குமானால், அது விழ வேண்டிய இடம் இது.

மறைநூலைக் கற்றோர்க்கு ஒரு செய்தி நினைவுக்கு வரலாம். ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்டது காலை ஒன்பது மணி என்கிறார் மாற்கு. நண்பகல் வேளையில் அவர் இன்னும் பிலாத்துவின் முன் நின்றதாக எழுதுகிறார் யோவான். இத்தகைய வேறுபாடுகள் நான்கு நற்செய்திகளுக்கு இடையே பல. இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் நான்கையும் ஒன்றாக இணைத்து, முரண் இல்லாத ஒரே கதையாகத் தொகுத்தார். சிரியத் திருச்சபையில் அது நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தெயொதொரேத்து அந்நூலின் இருநூறுக்கும் மேற்பட்ட படிகளைத் திரட்டி அகற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் நான்கு நற்செய்திகளையும் வைத்தார். பழுதற்ற ஒரு தொகுப்பைவிட, ஒன்றோடொன்று முழுதும் பொருந்தாத நான்கு சாட்சிகளே திருச்சபைக்கு வேண்டியிருந்தன.

மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். ‘பென்ஹர்’ படத்தில் இயேசுவாகத் தோன்றியவர் ஓர் இசைநாடகப் பாடகர். அவர் முகம் ஒருமுறைகூடக் காட்டப்படவில்லை. நாசரேத்துக் கிணற்றடியில், கைதிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று உரோமை அதிகாரி ஆணையிடுகிறான். தண்ணீர் கொடுத்தவர் எழுந்து நிற்கிறார். நாம் முதுகையே காண்கிறோம். அதட்ட வந்தவன் அவர் முகத்தைப் பார்க்கிறான். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பிப் போகிறான். அம்முகத்தைக் காட்டியிருந்தால் அது ஒரு நடிகரின் முகமாக நின்றுபோயிருக்கும். காட்டாமல் விட்டது படத்தின் குறை அன்று, அதன் அடக்கம்.

இவ்விளக்கத்தைத் தயாரித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப்பின் அம்மூதாட்டியிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பட்டாளத்தான் மூஞ்சியிலதான் தெரிஞ்சுதே சாமி” என்றார். அவருக்கு விடை முன்பே தெரிந்திருக்கிறது.

வரும் தவக்காலத்தில் பசோலினியின் படத்தைத் திரையிட எண்ணியுள்ளோம். இளைஞர்கள் தாளும் பேனாவும் கொண்டுவரத் தடையில்லை. பிழைகளையும் எழுதட்டும். ஆனால் ஒவ்வொன்றின் எதிரிலும், அது உண்மைதானா, அதனால் யாருக்குத் தீங்கு என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். அந்த மூதாட்டியை இம்முறை முன்வரிசையில் அமரச் செய்வோம்.