ஆய்வறிக்கையும் நாவலும்: சிக்காகோ இனவுறவு ஆய்வு பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

பல்லினங்கள் வாழும் நகரங்களில் அரச, உள்ளூராட்சி நிறுவனங்களும் இன நல்லுறவுக் குழுக்களும் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து ஆய்வு நடத்துவது இன்று பரவலாக வரவேற்கப்படும் நடைமுறையாகும். இதனைப் பொதுப்பட நல்லதென்றோ தீயதென்றோ கூறிவிடல் இயலாது. ஆய்வுக்குரிய வினாவை வகுப்போர் யார், எழுப்பப்படாது விடப்படும் வினா யாது என்பனவே நோக்கப்பட வேண்டியவை. இத்தகைய கூட்டாய்வின் முன்னோடிகளுள் ஒன்றான சிக்காகோ அறிக்கையையும் அந்நகரையே களமாகக் கொண்ட நாவலொன்றையும் ஒருங்குவைத்து நோக்கின் இது தெளிவாகும்.

1919 யூலை 27ஆம் திகதி, சிக்காகோவின் ஏரிக்கரையில் கறுப்பின இளைஞனொருவன் வெள்ளையரின் கல்வீச்சினால் நீரில் மூழ்கி இறந்தமை பெருங்கலவரமாக வெடித்தது. 23 கறுப்பினத்தவரும் 15 வெள்ளையரும் உயிரிழந்தனர். இதனையடுத்து இல்லினோய் மாநில ஆளுநர் பிராங்க் லோடன் இரு இனத்தாரையும் கொண்ட இனவுறவு ஆணைக்குழுவொன்றை நியமித்தார். அதன் ஆய்வுப் பணியில் முதன்மையாக நின்றவர், சிக்காகோப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் றொபேட் பார்க்கின் மாணவரான சாள்ஸ் ஜோன்சன். 'சிக்காகோவில் நீக்ரோ' எனும் அவ்வறிக்கையை 1922இல் அப்பல்கலைக்கழகப் பதிப்பகமே வெளியிட்டது.

அவ்வறிக்கையின் பெறுமதியை நாம் மறுக்கவில்லை. 1917 யூலை முதல் 1921 மார்ச் வரை வீட்டுப் பிரச்சினையையொட்டி 58 குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன என்பதை அதுவே பதிவுசெய்தது. குடும்பங்களின் வாழ்நிலை, வேலைத்தலம், பத்திரிகைகளின் பாரபட்சம் ஆகியனவும் அதில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. எனினும், திரட்டப்பட்ட தரவுகள் சொத்துடைமையைச் சுட்டிநிற்க, பரிந்துரைகளோ பெருமளவுக்கு அதிகாரிகளினதும் பொதுமக்களினதும் நல்லெண்ணத்தையே வேண்டிநின்றன. உடைமை உறவு 'இனவுறவு' எனப் பெயர்மாற்றம் பெற்றது. இது தற்செயலன்று. காணி, வீட்டு வணிகரும் அவ்வாணைக்குழுவில் அமர்ந்திருந்தனர்.

அறிக்கை நிறுத்திய இடத்திலிருந்து றிச்சட் றைற் தொடங்குகின்றார். 1940இல் வெளிவந்த 'நேற்றிவ் சன்' நாவலில் பிகர் தோமஸின் குடும்பம் எலி புகுந்த ஓரறையில் வாழ்கின்றது. அவனைச் சாரதியாக அமர்த்தும் செல்வந்தர் டால்ற்றன் கறுப்பினத்தவரின் கல்விக்கு வாரி வழங்குபவர். அவர்களது இளைஞர் கழகத்துக்கு மேசைப்பந்தாட்ட மேசைகளை அளித்தவர். ஆனால் பிகர் குடும்பத்தின் வாடகை இறுதியிற் சென்றடைவதும் அவரையே. கொடையாளரும் வீட்டுடைமையாளரும் ஒருவரே எனக் காட்டுமிடத்து நாவல் ஓர் அறிவுச் சாதனையாகின்றது. நல்லெண்ணத்தினால் தீர்க்கவியலாத முரண்பாடு அங்கே பாத்திர வடிவம் பெறுகின்றது.

எனினும், இலக்கியம் ஆய்வை வென்றதென்று முடிவுகட்டுதல் பிழையாகும். தமது சிந்தனைக்குச் சிக்காகோச் சமூகவியல் துணைசெய்ததை றைற் தாமே ஏற்றுக்கொண்டவர். டிறேக், கெய்ற்றன் ஆகியோரின் 'கறுப்பு மாநகர்' எனும் ஆய்வு 1945இல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவரும் அவரே. ஆய்வு பொருளைத் தந்தது. நாவல் அப்பொருளின் உள்ளிணைப்பைக் காட்டிற்று.

இவ்வுள்ளிணைப்பிலிருந்து பல்கலைக்கழகமும் விலகி நிற்கவில்லை. கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் தடுக்கும் ஒப்பந்தங்களைப் பாதுகாத்த அயற்புறச் சொத்துரிமையாளர் சங்கங்களுக்கு, 1930களிலும் 1940களிலும் சிக்காகோப் பல்கலைக்கழகமே நிதியுதவி செய்தது. இத்தகைய ஒப்பந்தமொன்றை எதிர்த்து 1940இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற ஹான்ஸ்பெரி குடும்பத்தின் மகளே, 1959இல் 'எ றெய்சின் இன் த சன்' நாடகத்தை அரங்கேற்றிய லொறெயின். ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்ற பொதுத் தீர்ப்பு 1948இலேயே கிட்டியது.

எனவே, கூட்டாய்வில் இறங்கும் பல்கலைக்கழகம் தன்னையும் ஆய்வுப் பொருளுள் அடக்குதல் வேண்டும். எந்நிலம் எவர் கையில், எவ்வாடகை எவர் பைக்கு என்ற வினாக்களை விலக்கும் ஆய்வு, அதிற் கையொப்பமிடும் இனங்கள் எத்தனையாயினும், உடைமையாளரின் ஆய்வாகவே முடியும் என்பது எமது கருத்து. பல்லின நாடொன்றின் பல்கலைக்கழகத்தினராகிய எமக்கும் இது பொருந்தும்.